மூன்றாம் தூணில் ஓர் ஓட்டை

அப்பாவின் வலது காலுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மகள் கையை நிறுத்தினாள். கால் சில்லிட்டிருந்தது. தன் விரல்கள் அதைவிடச் சில்லிட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"வாரியத்துல இருந்து வந்துட்டாங்கக்கா," என்றான் ஜன்னலோரம் நின்ற தம்பி. "ஏழு உறுப்பினரும். கூடவே இன்ஜினியர் வேற."

நதிநீர் வாரியத்தில் பதினோரு வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் அவள். ஏழு பேரும் ஒன்றாக வந்ததாக ஒரு குறிப்பிலும் எழுதியதில்லை. நாலு பேர் சேர்வதற்குள் டீ ஆறிப்போகும். சாவு வீடு என்றால் மட்டும் ஆள் சேர்ந்துவிடுகிறது.

அதே வாரியத்தில் அப்பா முப்பத்திரண்டு வருஷம் பார்த்தது ஒரே வேலை. காலை ஆறு மணிக்குப் பாலத்துக்குப் போவார். மூன்றாம் தூணில் பதித்த அளவுப் பலகையைப் பார்ப்பார். ஆறு எத்தனை அடியில் ஓடுகிறதோ அதை நோட்டில் எழுதுவார். ஊரில் அவருக்கு 'அளவுக்காரர்' என்றே பெயர். அவர் எதிரில் நின்று ஊற்றும்போது பால்காரருக்குக்கூடக் கை கொஞ்சம் தாராளமாகிவிடும்.

அந்த அளவுக்காரர் நேற்று சாயங்காலம், தம்பி மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு மரம் அடிச்சுக்கிட்டு வந்து பலகையைப் பேத்துடுச்சு பாரு. ஆள் அனுப்பறோம், அனுப்பறோம்னு ஆபீஸ்ல இழுத்தாங்க. நானே இடுப்பளவு தண்ணியில நின்னு மாட்டினேன். ஒரு அடி ஒசத்தி மாட்டிட்டேம்மா."

"எப்பப்பா தெரிஞ்சுது?"

"அடுத்த கோடையில. தண்ணி வத்தினப்போ பழைய போல்ட் ஓட்டை பலகைக்குக் கீழ தெரிஞ்சுது. அதுக்குள்ள ஒரு வருஷ நோட்டு மேலிடத்துக்குப் போயிடுச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே இருந்தேன்." மூச்சு வாங்கினார். "ஆறு பத்தடி ஓடினா நான் ஒன்பதுன்னு எழுதியிருக்கேன். ஒரு அடி கூட்டிக்கச் சொல்லு."

"காலையில பேசிக்கலாம்ப்பா. தூங்குங்க," என்றாள். அவருடைய மகள்தானே. காலையில் பேச அவர் இல்லை.

விடிந்ததும் டாக்டரைக் கூட்டிவரப் போனவள் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். பலகைக்குக் கீழே பழைய போல்ட் ஓட்டை, துருவேறிய வட்டமாக. தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது.

வாரியத் தலைவர் உள்ளே வந்து மலர்வளையத்தை வைத்தார். இரும்புக்கடை முதலாளி. துக்கம் விசாரிக்கும்போதும் எதிராளி முதலில் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கும் மனுஷர். யாரும் திறக்கவில்லை.

"அப்பா எழுத்துல ஒரு அங்குலம் பொய் இருக்காதும்மா," என்றார் கடைசியில். "அதான் ஒரு முடிவோட வந்திருக்கோம்."

இன்ஜினியர் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு கோப்பைப் பிரித்தார். போன வாரம் அவளே தட்டச்சு செய்த தீர்மானம். ஆற்றோரம் கட்டப்போகும் வெள்ளத் தடுப்புக் கரையின் உயரம். அப்பாவின் நோட்டில் உச்ச வெள்ளம், நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது, பதினைந்தடி. அதற்கு மேல் பத்திரத்துக்கு ஒன்றரை அடி. இன்ஜினியர் கேட்டது இரண்டு. தலைவர் ஒன்றில் ஆரம்பித்தார். சட்டைத்துணி பேரம் மாதிரி ஒன்றரையில் படிந்தது. அந்த ஒன்றரையில் ஒன்றை ஆறு ஏற்கெனவே விழுங்கிவிட்டது என்பது இந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். கரைக்குப் பின்னால் நானூறு வீடுகள். இந்த வீடு ஐந்தாவது.

"அஞ்சு மணிக்குள்ள மேலிடத்துக்குப் போயாகணும்," என்றார் இன்ஜினியர், தரையைப் பார்த்தபடி.

"ஏழு பேரும் இங்கயே இருக்கோம். கூட்டம்னு தனியா எதுக்கு?" என்றார் தலைவர். "காலையில புதுசா சேர்த்த கடைசிப் பத்தியைப் பாரும்மா. கரைக்கு அப்பா பேரு."

பேனா சுற்றத் தொடங்கியது. ஒருவர் கையெழுத்துப் போட வசதியாகப் பூத்தட்டை நகர்த்தினார். இன்னொருவர் மை வரவில்லையென்று பேனாவை உதறினார். அப்பாவின் போர்வையில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது.

அவள் தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சமையலறைக் கதவைச் சாத்தினான். "வேற யாருக்கும் தெரியாதுல்ல? மலையில மழை. சாயங்காலத்துக்குள்ள அந்த ஓட்டையும் முழுகிடும்."

"அதான்டா பயமாயிருக்கு."

"அக்கா, அவரு இன்னும் வீட்டை விட்டே போகல. அதுக்குள்ள அவரைத் திருடன் மாதிரி நிக்க வைக்கணுமா?"

"வெள்ளம் வந்தா?"

"வரும்போது பார்த்துக்கலாம்."

குரல் அப்படியே அப்பாவுடையது.

கூடத்தில் ஏழு கையெழுத்தும் விழுந்திருந்தன. எட்டாவது அவளுடையது: 'குறிப்புகளுடன் சரிபார்க்கப்பட்டது.' தலைவர் பேனாவை மூடியைக் கழற்றியே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். காகிதத்துக்கு அப்பால் அப்பாவின் இடது கால் உறையில்லாமல் வெறுமையாகத் தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஊன்றி நின்ற கால்.

"அந்தப் பதினஞ்சு, பதினாறு சார்," என்றாள். பாதி அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள்.

"யாரும்மா சொன்னது?"

"எழுதினவரே. பலகையை ஒரு அடி ஒசத்தி மாட்டிட்டாரு."

பூத்தட்டை நகர்த்தியவர் அதைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தலைவர் கொஞ்சநேரம் கணக்குப் போட்டார்.

"துக்கத்துல இருக்க. ரெண்டு நாள் போகட்டும், நிதானமா பேசலாம்."

"ரெண்டு நாள் கழிச்சுக் காட்ட ஒண்ணும் இருக்காது சார். மூணாம் தூண்ல பழைய ஓட்டை இருக்கு. இப்ப நாம சுடுகாட்டுக்குப் போற வழிதான்."

பேனாவை மூடிக் கோப்பின்மேல் வைத்தாள். கீழே உட்கார்ந்து, இடது காலுக்கும் உறையை மாட்டிவிட்டாள்.

மூன்று மணிக்கு அப்பாவை ஏற்றிய அமரர் ஊர்தி பாலத்தில் ஏறியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. டிரைவரின் தோளைத் தொட்டு, "இங்க கொஞ்சம் நிறுத்துங்கண்ணே," என்றாள். பின்னால் வந்த கார்களும் நின்றன. சற்றுப் பொறுத்து ஒரு கண்ணாடி இறங்கியது. பிறகு இன்னொன்று. இன்ஜினியர் குடையில்லாமல் இறங்கி, கைப்பிடிச் சுவரில் வயிறு பதியக் குனிந்தார். தலைவரும் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

கீழே செம்மண் கலங்கல் தூணைச் சுற்றி நுரைத்துக்கொண்டிருந்தது. பலகைக்குக் கீழே அந்த வட்டத்துக்குள் தண்ணீர் போவதும் வருவதுமாக இருந்தது.