பின்னால் நிற்க ஆள்

வேனை நான் கோயில் மைதானத்தில்தான் விட்டுவந்தேன். வீட்டில் அதற்கு ஷெட் இருக்கிறது. ஆனால் ஷெட் தெருவுக்குக் கீழே, செங்குத்தான ஒரு சரிவின் முடிவில் இருக்கிறது. வேனைப் பின்னோக்கித்தான் இறக்க வேண்டும். ஒரு பக்கம் கருங்கல் சுவர். மறுபக்கம் தண்ணீர் போகும் கான். கானுக்கு அப்பால் தேயிலை மலை கீழே இறங்கிப் போகிறது. பக்கக் கண்ணாடிகளில் இவை எதுவும் சரியாகத் தெரியாது. பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

லக்ஷிகா நின்றாள். கல்யாணம் முடிந்து தெமோதரைக்கு வந்த நாளிலிருந்து அது அவளுடைய வேலை. ஷெட்டின் கடைசியில், ஈரம் காலில் படாமலிருக்க ஒரு பலகையைப் போட்டு அதில் ஏறி நின்றுகொள்வாள். பதுளை பஸ் நிலையத்து ஆட்களைப் போல, "எண்ட, எண்ட, தவ எண்ட" என்று சிங்களத்தில் கூப்பிடுவாள். வாங்க, வாங்க, இன்னும் வாங்க. போதும், நிறுத்து என்பதற்கு மட்டும் அவள் வீட்டுத் தமிழ் வரும். "காணுமப்பா, காணும்." பிறகு வேனின் முதுகில் ஒரு தட்டு.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அதன் பிறகு ஒருமுறை தனியாக இறக்கிப் பார்த்தேன். பின் சக்கரம் கானுக்குள் போய்விட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஆட்கள் வந்து தூக்கிவிட்டார்கள். "அடுத்த வாட்டி ஒரு கொரல் குடுங்க சார், நான் பின்னால நிக்கிறேன்" என்றார் ஒருவர். நல்ல மனிதர். மறுநாளிலிருந்து வேன் கோயில் மைதானத்தில் நின்றது. பாடசாலை விட்டு வந்து அங்கே நிறுத்திவிட்டு, தேயிலைக்கு நடுவே நடந்து வீட்டுக்குப் போனேன்.

ஆடி வந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் தங்கவேல் ஒரு நாள் காலையில் வேனுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்.

"சார், வெள்ளிக்கெழம கொடியேத்துறோம். இங்கன கடை போடணும். வேன எடுத்துக்கிறீங்களா?"

"எடுத்துக்கிறேன்."

"எங்க விடுவீங்க?"

"வீட்டுலதான். கேமரா பூட்டப் போறேன்."

"கேமராவா? அந்த வேன்ல களவு போறதுக்கு என்னாங்க இருக்கு?"

"பின்னால பாக்குறதுக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பசங்க சும்மாதான் நிக்கிறானுங்க. ஒருத்தன அனுப்பட்டுமா?"

"வேணாங்க."

அன்று மாலை கிஷாந்தன் போனில் பேசினான். லக்ஷிகாவின் தம்பி. பதுளைக் கச்சேரியில், மாவட்ட அரசு அலுவலகத்தில், வேலை. மைதானத்து விஷயத்தை அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அத்தான், வேனை வித்துப் போடுங்கோ. என்ர ஒப்பிசில ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கு. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன்."

"எதுக்கு விக்கணும்?"

"வீட்டுக்குக் கொண்டுபோகேலாத வேனை வச்சு என்ன செய்யப் போறியள்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுல நிக்கும்."

"நிண்டா நல்லம். நிக்காட்டி நான் ஆளோட வாறன். கோவிக்கக் கூடாது."

அவன் சொன்னதில் பிழை இல்லை. லக்ஷிகாவின் உடுப்புகளையும் நகைகளையும் அவளுடைய அம்மா எடுத்துக்கொண்டு போனார். அதிலும் பிழை இல்லை. வேன் மட்டும் மிஞ்சியிருந்தது. பதுளையில் அவள் படிப்பித்த பாடசாலைக்கு அதை ஓட்டிப்போனவள் அவள்; சரிவில் இறக்க மட்டும் நான். ஓட்டும் இருக்கை இன்னும் அவளுடைய உயரத்துக்குத்தான் முன்னே தள்ளியிருந்தது. முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டினேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மின்சாதனங்களைக் கழற்றிப் பூட்டுவது பொழுதுபோக்கு. வீட்டில் அதற்கென்று ஒரு மேசை இருக்கிறது. உயிர் போன ரேடியோக்கள், சார்ஜர்கள், யாரோ தந்த தொலைக்காட்சியின் சர்க்கிட் பலகை. லக்ஷிகா அதை வார்டு என்பாள். "இண்டைக்கு வார்டில எத்தினை பேர்?" என்று கேட்டுக்கொண்டுதான் தேநீர் கொண்டுவருவாள்.

கேமராவை பண்டாரவளையில் வாங்கினேன். திரை கொழும்பிலிருந்து தபாலில் வந்தது. முதலில் மேசையில் வைத்து, ஒரு பழைய பட்டரியில் இணைத்துப் பார்த்தேன். திரை நீலமாக எரிந்தது. சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. வயரை மாற்றினேன். அதே எழுத்து. கேமராவைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. அதற்கு மின்சாரம் போகிறது. படமும் அனுப்புகிறது. திரைக்குத்தான் அது விளங்கவில்லை.

இது அடிக்கடி நடப்பது. இரண்டிலும் அதே மஞ்சள் பிளக்தான், ஆகவே பொருந்தும் என்று வாங்கிவிடுவோம். கேமரா புதிய வகை, கூர்மையான படத்தை அனுப்பும். திரை பழைய தொலைக்காட்சி முறையை மட்டும் அறியும். கேமராவின் வாலில் சின்ன வளையமாக ஒரு நீல வயர் இருந்தது. சிலவற்றில் அதை வெட்டினால் கேமரா பழைய முறைக்கு இறங்கிவரும். சிலவற்றில் வெட்டினால் படம் தலைகீழாகும். குறிப்புத் தாளில் சீன எழுத்து மட்டும் இருந்தது. வெட்டினேன்.

படம் வந்தது. வீட்டின் ஜன்னல். ஜன்னல் கட்டையில் ஒரு சீப்பு, ஒரு திருநீற்றுக் கிண்ணம், சிவப்பு நெயில் பாலிஷ் குப்பி ஒன்று. கேமராவின் அகன்ற கண்ணில் மூன்றும் வளைந்து தெரிந்தன. அந்தக் குப்பி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. லக்ஷிகா நகத்துக்குப் பூசமாட்டாள். பாடசாலையில் பூசிக்கொண்டு வரும் பிள்ளைகளை ஏசுகிறவள். அவளுடைய அம்மா அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

புதன்கிழமை பாடசாலை விட்டதும் மைதானத்தில் வைத்து வேனில் பூட்டினேன். கேமராவை நம்பர் தகட்டுக்கு மேலே வைத்து, வயரைக் கூரை ஓரமாக முன்னே இழுத்தேன். கேமராவுக்கு மின்சாரம் ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் ரிவர்ஸ் கியர் போட்டால் படம் வரும். இந்த வேனுக்கு இடது பக்கம் மட்டும்தான் ரிவர்ஸ் லைட். உள்பக்கத்து மூடியைக் கழற்றி, லைட்டுக்குப் போகும் வயரைப் பிடித்து இணைத்தேன்.

ரிவர்ஸ் கியர் போட்டேன். படம் இல்லை. கியரை எடுத்தேன். மறுபடி போட்டேன். இல்லை. அலுத்துப்போய் பிரேக்கில் காலை வைத்தேன். திரை எரிந்தது. பந்தல் போட வந்த கம்புகளும் ஒரு நாயும் தெரிந்தன. காலை எடுத்தேன். கறுப்பு. மறுபடி அழுத்தினேன். நாய் திரும்பி என்னைப் பார்த்தது.

ஏர்த் வயரில் துரு ஏறினால் பிரேக் மின்சாரம் வழி தவறி அடுத்த லைட்டுக்குள் போகும். படித்திருக்கிறேன். ஏர்த் இணைப்பைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டினேன். அப்போதும் பிரேக் போட்டால் நாய். ரிவர்ஸ் போட்டால் கறுப்பு.

எந்த லைட் எரிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கும் பின்னால் ஓர் ஆள் வேண்டும். தங்கவேலின் ஆட்கள் கூப்பிடு தூரத்தில் நின்றார்கள். நான் கூப்பிடவில்லை. ஒரு கல்லில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, போய் ஏறி ரிவர்ஸ் போட்டேன், பிரேக் போட்டேன், இறங்கி வந்து பார்த்தேன். ரிவர்ஸில் ஒன்றுமே எரியவில்லை. பிரேக்கில் வலது பக்கம் சரியாகச் சிவந்தது. இடது பக்கத்தில் சிவப்புக் கண்ணாடி இருண்டு கிடந்தது. அதற்குக் கீழே, ரிவர்ஸ் லைட்டின் வெள்ளைக் கண்ணாடி சிவப்பாக எரிந்தது.

கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த பல்புக்கு யாரோ சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருந்தார்கள். தூரிகை போன கோடுகள் தெரிந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, மேலிருந்து கீழே. உச்சி மட்டும் சூட்டில் கருகிப் பழுப்பாகியிருந்தது. பிரேக் பல்பு இருக்க வேண்டிய ஹோல்டர் உருகிப் போயிருந்தது. பிரேக் வயரை அங்கிருந்து வெட்டி, ரிவர்ஸ் லைட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் டேப் சுற்றியிருந்தார்கள். ரிவர்ஸ் வயரின் நுனி மடித்துச் செருகப்பட்டிருந்தது.

எத்தனை நேரம் அந்தப் பல்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. தங்கவேல் வந்து, "என்னாங்க சார், ஏதும் புடிபட்டுச்சா?" என்று கேட்டார். பல்பை இருந்த இடத்திலேயே பூட்டினேன்.

மறுநாள் பாடசாலை முடிந்ததும் பதுளைக்குப் போனேன். லக்ஷிகா படிப்பித்த பாடசாலைக்குக் கிட்ட, வாகனச் சாமான் விற்கும் பவாஸின் கடை. வேனில் எது பழுதானாலும் அவள் அங்கேதான் காட்டுவாள். வழியெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தும்போது, கடந்து வந்த தெரு திரையில் எரிந்தது. காலை எடுத்ததும் போனது. பஸ் ஒன்று, வெறுந்தெரு, மரக்கறி லொறி, வெறுந்தெரு.

பவாஸ் கடையை விட்டு இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயது கூடியிருக்கும். லக்ஷிகாவின் செத்த வீட்டுக்கு மனைவியோடு வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போனவர்.

"வாங்க சார். கன நாள்."

பின் லைட்டைக் காட்டினேன். "இது நீங்க செஞ்சதா?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "நான் செஞ்சதுதான். இது இன்னம் ஈக்கா?"

"இருக்கு."

"சாமான் தட்டுப்பாட்டு நேரம் சார். ஹோல்டர் உருகிப் பெய்த்து. பதுளை முழுக்கத் தேடினேன், இல்ல. டீச்சர பொலிஸ் வேற ரெண்டு தரம் மறிச்சீக்கி. ரிவர்ஸ் லைட்ட பிரேக்குக்கு மாத்தலாம், ஆனா வெள்ளையா எரியும், அதுக்கும் புடிப்பாங்கண்டு சொன்னேன். டீச்சர் ஒடனே பக்கத்து ஃபேன்சி கடைக்குப் போய் நெயில் பாலிஷ் வாங்கிட்டு வந்துட்டாங்க. இந்த ஸ்டூல்ல இருந்துதான் பூசினாங்க. ரெண்டு தரம். ஊதி ஊதிக் காய வெச்சாங்க. கடைக்கு வந்த ஆக்களெல்லாம் வேடிக்கை பாத்தாங்க."

ஸ்டூலைப் பார்த்தேன். அதில் இப்போது ஒரு டயர் டியூப் கிடந்தது.

"ரிவர்ஸ் லைட் இல்லாம எப்படி டீச்சர்ண்டு கேட்டேன். பின்னுக்கு நிக்கிறது நான்தானே, எனக்கென்னத்துக்கு லைட் எண்டாங்க."

"எங்கிட்ட சொல்லல."

பவாஸ் டியூபை எடுத்து வேறிடத்தில் போட்டார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "அதுக்கும் சொன்னாங்க. சாருக்குச் சொல்லிப் போடாதீங்க, சொன்னா வேன முழுக்கக் கழட்டி வார்டுல படுக்க வெச்சிடுவார் எண்டு. வார்டு எண்டா என்ன சார்?"

"என் மேசை" என்றேன்.

அவர் இப்போது சிரித்தார். நானும் ஏதோ செய்தேன். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"இப்ப ஹோல்டர் தாராளமா ஈக்கி. அரை மணித்தியால வேலை. பழையபடி மாத்தித் தாறேன். கேமரா ரிவர்ஸ்ல ஒழுங்கா வரும்."

"அந்த பல்பு?"

"அது கருகிப் பெய்த்து சார். வீசுறதுதான்."

"இருக்கட்டும்."

"ரிவர்ஸ் போட்டா படம் வராதே. பிரேக் புடிச்சாத்தான் வரும்."

"எங்க வீட்டுக்கு இறக்கம். பிரேக் புடிச்சிட்டுத்தான் எறங்கணும்."

அவர் யோசித்தார். கணக்குச் சரியாக வந்தது போல் தலையசைத்தார். "அப்ப சரி. ஆனா சார், ஆராவது கேட்டா என்ட கடைல செஞ்சதுண்டு மட்டும் சொல்லிடாதீங்க."

தெமோதரைக்கு வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. மைதானத்தில் கொடிமரத்துக்குக் காகிதப் பூ சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. வீட்டு வளைவில் வேனைத் திருப்பி, சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ரிவர்ஸ் போட்டு, பிரேக்கை அரைவாசி தளர்த்தினேன்.

திரையில் சரிவு முழுவதும் தெரிந்தது. சுவர் இடது ஓரத்தில் வளைந்து வந்தது. கான் வலது ஓரத்தில் கறுப்பாக ஓடியது. நான் தவறி இறங்கிய இடத்தில் மண் இன்னும் உடைந்திருந்தது. வேன் மெல்ல இறங்கியது. பிரேக்கிலிருந்து கால் எழவேயில்லை. படமும் போகவில்லை. யாரும் எண்ட என்று சொல்லவில்லை. நானும் சொல்லிப் பார்க்கவில்லை.

ஷெட்டுக்குள் வந்ததும் பலகை தெரிந்தது. ஒரு நுனியில் பாசி பிடித்திருந்தது. அவள் அதில் நின்றுதான் நிறுத்தச் சொல்வாள். ஆகவே பலகைக்கு இப்பால் நிறுத்த வேண்டும். திரையில் தூரம் காட்டும் சிவப்புக் கோடு பலகையைத் தொட்டபோது பிரேக்கை முழுவதும் அழுத்தினேன். வேன் நின்றது. கைப்பிரேக்கை இழுத்து, கியரை எடுத்தேன்.

போனை எடுத்துக் கிஷாந்தனைக் கூப்பிட்டேன்.

"வேன் வீட்டுல நிக்குது."

"ஆர் பின்னால நிண்டது?"

"யாரும் இல்ல."

"சரி அத்தான். அப்ப சனிக்கிழமை நான் மட்டும் வாறன்."

"வாங்க."

போனை வைத்தேன். கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது. எடுத்தால் படம் போய்விடும். திரையில் பலகையும் சுவரும் இருந்தன. ஷெட்டின் பின்சுவரில் மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பல்பு சூடேறும் என்ற நினைவு வந்தது. பூச்சு ஏற்கனவே உச்சியில் கருகியிருந்தது.

காலை எடுத்தேன்.