வெள்ளக் கணக்கு

முதல் இடி முழங்கியதுமே நாகேஸ்வரி வழக்கப்படி வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தாள். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள், டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள், அன்டெனா வயரைக் கழற்றி யன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். கடைசியாக மகனின் அறைக்குள் போய்க் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கில் கைவைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே வந்த கணவர் தில்லைநாதனும் வாசலில் நின்றார். ஐப்பசி மாதத்துக் கொழும்பு வெள்ளவத்தை இடி விளையாட்டுக்கு இடிப்பதில்லை. போன வருஷம் பக்கத்து பிளட்ஸில் ஒரு மாடி முழுக்க டிவிகளைக் கருக்கிவிட்டுத்தான் போனது. மேசைக்குக் கீழே கம்பியூட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திரையில் வரி வரியாக எழுத்து ஏறிக்கொண்டிருந்தது.

“என்னப்பா செய்யிறது?”

“விடு. ஓடட்டும்.”

“மின்னல் அடிச்சா எல்லாம் போயிடுமே.”

“பிடுங்கினாலும் எல்லாம் போயிடும். கையை எடு.”

அவள் கையை எடுத்தாள். மழை ஓயும்வரைக்கும் இரண்டு பேரும் மகனின் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் அப்படித்தான் உட்காருவார்கள்.

ஓடட்டும் என்று சொன்ன இந்தத் தில்லைநாதன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். இரத்மலானை ரயில்வே வேர்க்‌ஷொப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆணி ஒன்று கேட்டாலும் எதற்கு என்று கேட்டுப் பழகிய கை. வீட்டில் சுவிட்சுகளை அணைத்துக்கொண்டு திரிவதே அவருடைய பென்ஷன் கால வேலை. மகன் குருபரன் பொறியியல் படிப்பை முடித்து, மேற்கொண்டு ஆராய்ச்சி என்று இந்தப் பெட்டியை வாங்கி இரவு பகலாக ஓடவிட்டபோது அப்பனுக்கும் பிள்ளைக்கும் தினமும் கொழுவல்தான்.

“தம்பி, நீ நித்திரை கொள்ளேக்கையும் இது ஏன் முழிச்சிருக்குது?”

“அது கணக்குப் பண்ணுதப்பா.”

கணக்கு வேறொன்றுமில்லை, வெள்ளவத்தைக் கால்வாய்தான். கால்வாயையும் அதைச் சுற்றியுள்ள சந்து ஒழுங்கைகளையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, பெருமழை பெய்தால் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு ஏறும், எந்தப் பக்கம் பாயும் என்று கம்பியூட்டருக்குள்ளேயே ஒரு மழையைப் பெய்யவிட்டுப் பார்ப்பது. மகன் பொறுமையாக விளங்கப்படுத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “மழை பெய்தா எங்கட ஒழுங்கேக்க வெள்ளம் வருமெண்டு சொல்ல உனக்கொரு பட்டமா? என்னைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே” என்றார் தில்லைநாதன். குருபரன் சிரித்தான். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் ஏறி நிற்கும் அவனுக்கு. சிரித்தால் அதுதான் முதலில் தெரியும்.

கடைசிக் கணக்கை ஓடவிட்ட அன்று பின்னேரம்தான் அவன் போனான். போட்டோகொப்பி எடுக்கவேணும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கியவன் திரும்பி வந்து, “அப்பா, இது ஓடி முடியக் கிழமைக்கணக்காகும். நான் இல்லாத நேரம் கைவைச்சிடாதேங்கோ. இதுதான் என்ர தீசிஸ்” என்றான். “போடா, உன்ர பெட்டியை ஆர் தொட்டது” என்றார் இவர். ஒழுங்கை, காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறுகிற முடக்கில் ஒரு வெள்ளை வான் நின்றதாகவும், இரண்டு பேர் கதவைத் திறந்து அவனைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனதாகவும் லோண்டரிக்காரர் அன்றிரவு சொன்னார். அடுத்த நாள் பொலிசுக்கு வந்து சொல்லும்படி கேட்டபோது, தான் ஒன்றையும் காணவில்லை என்றார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவரைக் குற்றம் சொல்லி என்ன.

பிறகு நடந்ததெல்லாம் அந்தப் போர் வருஷங்களில் கொழும்பில் பல தமிழ் வீடுகளில் நடந்ததுதான். போகாத இடமில்லை. பொலிசில் முறைப்பாட்டை எழுதவைப்பதற்கே கெஞ்சவேண்டியிருந்தது. ஒரு அலுவலகத்தில் போட்டோ கேட்டார்கள், இன்னொன்றில் அதே போட்டோவைத் திருப்பித் தந்தார்கள். “பலமு, பலமு” என்று சொன்ன ஒரு பெரியவர், அதாவது பார்ப்போம் பார்ப்போம் என்றவர், கடைசிவரை நிமிர்ந்து இவர்களைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்தால் உறுமல் கேட்கும். படியில் ஏறும்போதே தில்லைநாதன் காதைத் தீட்டிக்கொண்டு ஏறுவார். அது கேட்டால்தான் அடுத்த படி. மகன் எங்கே இருக்கிறான், என்ன சாப்பிட்டான், அடிக்கிறார்களா என்று ஒன்றும் தெரியாத வீட்டில், அவன் தொடக்கிவைத்த வேலை மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. அது ஓடும்வரை அவன் இருக்கிறான். இது பைத்தியக்கார எண்ணம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருந்தார்.

நாகேஸ்வரியின் தம்பி நாகேந்திரம் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து, அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். சுவரில் கொழும்பின் கால்வாய்கள் எல்லாம் வரைந்த பெரிய மேப் ஒட்டியிருந்தது.

“அத்தான், நாளைக்கு ஆமிக்காரர் வீடு செக் பண்ண வந்தா இதைப் பாத்துப் புலியெண்டுதானே நினைப்பாங்கள்? நான் பெட்டியைக் கொண்டுபோய் எங்கயாவது போட்டுவிடுறன்.”

“மேப்பைக் கழட்டு. பெட்டியைத் தொடாதை.”

“அத்தான், விசர்க் கதை கதைக்காதேங்கோ.”

“தொட்டியெண்டா இந்த வீட்டுப் படி மிதிக்காதை.”

நாகேந்திரம் மேப்பை மட்டும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் வரவும் குறைந்துவிட்டது.

தில்லைநாதன் பொழுது விடிந்ததும் முதல் வேலையாகத் திரைக்கு முன்னால் போய் உட்காருவார். இடப்பக்கத்தில் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பக்கத்தில், முன்பு மகனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த நாட்களில், பலவிதமான இலக்கங்கள் நின்றன. இப்போது அந்த இடங்களிலெல்லாம் ஒரே மூன்று இங்கிலீஷ் எழுத்துகள், என், ஏ, என் என்று. கிளார்க் புத்தி சும்மா இருக்குமா? கணக்கு முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது, இது அடுத்த கட்டம் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, மனைவிக்கும் சொல்லிவைத்தார். “அரைவாசி முடிஞ்சுது போல” என்றார். அன்றைக்கு நாகேஸ்வரி இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டாள்.

ஷபீகா வந்தது அந்த இடி மழைக்குப் பிறகுதான். குருபரனோடு அதே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைசெய்யும் பிள்ளை, தெமட்டகொடையில் வீடு. இவ்வளவு நாளும் வராததற்கு அவள் காரணம் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வந்த பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுவிட்டாள். நாகேஸ்வரி அவளை அணைத்து உட்காரவைத்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

“பிள்ளை, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று தில்லைநாதன் அவளை அறைக்குக் கூட்டிப்போனார். அவருடைய குரலில் பெருமைகூட இருந்தது. “ஒரு நாளும் நிக்கவிடேல்லை. கரண்ட் போன நேரம் யூபிஎஸ் பற்றரி இறங்க முந்தியே கீழ் வீட்டு ஜெனரேட்டரில இருந்து வயர் இழுத்தனான். முடிய இன்னும் எவ்வளவு இருக்கெண்டு சொல்லுங்கோ.”

ஷபீகா திரையைப் பார்த்தாள். கதிரையில் உட்கார்ந்து, மவுசைப் பிடித்து, வரிகளை மேலே மேலே உருட்டிக்கொண்டு போனாள். வெகுநேரம் உருட்டினாள். எழுத்துகள் முடிந்து இலக்கங்கள் தொடங்குகிற இடத்தில் நின்றாள்.

“என்ன பிள்ளை?”

“அங்கிள்…” அவள் திரும்பவில்லை. “இது ஒடஞ்சி போயிருக்கு.”

“பெட்டியோ?”

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. கணக்குத்தான் ஒடஞ்சிட்டு. ஒரு கட்டத்தில தண்ணி அளவுக்கு மீறி ஏறி, அது பக்கத்துக் கட்டத்துக்கும் பரவி, எல்லாக் கட்டமும் பிழையாப் போயிட்டு. இந்த மூணு எழுத்துக்கு அர்த்தம், இது ஒரு எண்ணே இல்லை எண்டுறதுதான். இப்ப ஓடுறது சும்மா ஓடுது அங்கிள். ஒண்ணும் வராது.”

தில்லைநாதன் கட்டிலில் உட்கார்ந்தார். அறை புழுங்கியது.

“எப்ப உடைஞ்சது?”

அவள் அந்த வரியின் நேரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “குருபரன் போன அண்டைக்கு ராவே. இது அடிக்கடி நடக்கிறதுதான். அவர் வந்து பார்த்திருந்தா ஒரு நம்பரைக் கொறச்சுப் போட்டுட்டுத் திரும்ப ஓட விட்டிருப்பார். அஞ்சு நிமிஷ வேலை.”

வந்து பார்த்திருந்தால். அந்தச் சொல் அவருக்குள் போய் எங்கெங்கோ இடித்தது. இத்தனை நாளும் செத்த பிணத்துக்கு விசிறியிருக்கிறார். பொய்யை மனைவிக்கும் சோற்றோடு பிசைந்து ஊட்டியிருக்கிறார். அவருக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. யாருக்கு முன்னால் வெட்கம் என்று தெரியாத வெட்கம்.

“நிப்பாட்டவா அங்கிள்? ரெண்டு கீ அமத்தினாச் சரி. ஒடையிறதுக்கு முந்தின எடத்தில இருந்து நானே திரும்ப ஓட விட்டுத் தாறன்.” அவளுடைய விரல்கள் விசைப்பலகையின்மேல் காத்துநின்றன.

தில்லைநாதன் எழுந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நிப்பாட்டாதேங்கோ பிள்ளை” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

நாகேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். எப்போது வந்தாளோ, எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. “பிழையெண்டாலும் ஓடட்டும். அவன் வந்து நிப்பாட்டட்டும்.”

ஷபீகா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்படியே எழுந்து போக அந்தப் பிள்ளைக்கு மனம் வரவில்லை போலும், எதையோ தேடித் திறந்து, “இது ஒடையிறதுக்கு முந்தி வந்த கடைசிப் படம் அன்ட்டி. இது சரியான படம்” என்றாள்.

நாகேஸ்வரி தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிட்டப் போனாள். மகன் வாங்கிய தட்டைத் திரையில் கால்வாய் நீலமாகப் புரண்டு கரை கடந்து, ஒழுங்கைகளுக்குள் ஏறியிருந்தது. வீடுகள் சாம்பல் நிறக் கட்டங்களாக நின்றன.

“இதில எங்கட வீடு எது?”

ஷபீகா காட்டினாள்.

“இதில ஆக்களைப் போடுறேல்லையோ பிள்ளை?”

“இல்ல அன்ட்டி. ரோட்டும் வீடும் தண்ணியும் மட்டும்தான்.”

நாகேஸ்வரி தங்கள் வீட்டு வாசல் கேற் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். மெல்ல நகர்த்தினாள். பக்கத்து பிளட்ஸைத் தாண்டி, லோண்டரியைத் தாண்டி, ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற முடக்குவரை வந்து, அங்கே நிறுத்தி அழுத்தினாள். அழுத்திய இடத்தில் திரை கலங்கி, விரலைச் சுற்றி நிறம் வளையம் வளையமாக விரிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.