கீழ் லயம் கயிறு பிடித்த நாள்

கயிறு இழுக்கும் போட்டியில் கீழ் லயத்துப் பெண்கள் மேல் லயத்திடம் தோற்பது திருவிழாவில் சர்க்கரைப் பொங்கல் கிடைப்பதைப் போல நிச்சயமாகிவிட்டது. தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்தாகிவிட்டது. ஆட்கள் ஈப்போ, பீடோர், ஹுத்தான் மெலிந்தாங் என்று ஊர் ஊராகச் சிதறிவிட்டார்கள். ஆனாலும் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் திடலில் வந்து இறங்கியதும் பழையபடி மேல் லயம், கீழ் லயம் என்று பிரிந்து நின்றுவிடுவார்கள்.

இந்த வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் சுகுமாரன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடியிற போட்டிய யாரு பாப்பாங்க லா? இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா அடுத்த வருசம் பொம்பளைங்க கயிறு இல்ல. அந்த நேரத்துல லக்கி டிரா வச்சிக்கிறேன்."

அதைக் கேட்டுக் கொதித்தவள் ஷாமினி. ஈப்போ புந்தோங்கில் குடியிருப்பவள், கூரியர் கிடங்கில் வேலை. போன வருஷம்தான் அணியில் சேர்ந்தாள். வேலை முடிந்து மாலையில் சமூக மண்டபத்து உடற்பயிற்சி வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்தத் துணிச்சலில், "இந்தத் தடவை நான் பயிற்சி கொடுக்கிறேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். போட்ட மறுநிமிஷமே அழித்துவிடலாமா என்று பார்த்தாள், அதற்குள் எல்லாரும் படித்துவிட்டார்கள். எனக்கு என்ன தெரியும் என்று இவர்களை அழைத்தேன்?

தெரிந்ததை வரிசையாக அனுப்பினாள். முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். மூச்சுக்கு வேக நடை. தொடைக்கு, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பாதி இறங்கி அப்படியே நிற்பது. கைப்பிடிக்கு, அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பயிற்சி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

அணித்தலைவி கலாதேவி பீடோரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். அவள்தான் முதலில் முரண்டு பிடித்தாள். "தினமும் செஞ்சா சீக்கிரம் பலம் வராதாடி?"

"ஓய்வு எடுக்கிறப்பதான்க்கா உடம்பு தேறும்."

"அப்ப நான் ஓய்வு மட்டும் எடுக்கிறேன்லா. பலம் பொங்கிரும்."

சிரித்தாலும் செய்தார்கள். முதல் வாரம் படியிறங்க முடியாமல் ஷாமினியைத் திட்டினார்கள். பிறகு திட்டு குறைந்து, வியர்வை வழியும் படங்கள் குழுவில் வந்து விழுந்தன. ஷாமினி இன்னொரு கட்டளையும் போட்டாள். வருஷா வருஷம் அன்னதானத்தில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுக் கயிறு பிடித்ததால்தான் உருண்டு விழுந்தோம். இந்த முறை போட்டி முடியும்வரை யாரும் பந்தியில் உட்காரக் கூடாது.

திருவிழாவன்று மதியம், மேல் லயத்துப் பெண்கள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது ஷாமினி தன் அணியைத் திடலின் ஓரத்தில் நிறுத்திக் கைகால்களை வீசச் சொன்னாள். கலாதேவியின் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்தாள்.

"என்னக்கா? காலையில பசியாறினீங்களா இல்லையா?"

கலாதேவி அவளை வேற்றூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பால்குடம் எடுக்கிறவ பசியாறுவாளா? நேத்து ராத்திரிலேருந்து விரதம்டி. வெயில்ல நடந்து வந்து பால் ஊத்தினோம். இனிமேதான் சாப்பிடணும், நீதான் விடமாட்டேங்கிறியே!"

ஷாமினி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் மட்டும் பால்குடம் எடுக்கவில்லை. காலையில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். எல்லாவற்றையும் திட்டமிட்டவளுக்குத் திருவிழாவில் விரதம் இருப்பார்கள் என்பதுகூடத் தோன்றவில்லை!

ஓடினாள். பந்தலில் சாம்பார் வாளியோடு நின்ற சுகுமாரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, சின்னப் பிள்ளைங்க ஓட்டத்த முன்னாடி வைங்க. எங்களுக்குக் கொஞ்ச நேரம் வேணும். தப்பு என்னோடது."

"இப்பவே சாக்கு சொல்றியா?"

"சாக்கு இல்லண்ணே, சோறு!"

அவர் சிரித்துவிட்டார். "சரி போ, வச்சிர்றேன்."

ஆளுக்கொரு வாழைப்பழம், ரசம் ஊற்றிய கொஞ்சம் சோறு, உப்புப் போட்ட மோர். "அவ்வளவுதானா?" என்று கலாதேவி வடையைப் பார்த்து ஏங்கினாள். ஷாமினி தட்டை நகர்த்திவிட்டு எல்லாரையும் செம்பனை நிழலில் படுக்க வைத்தாள். மேல் லயத்துத் தலைவி சாந்தினி அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தாள். "ஆடோய், கயிறப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே படுத்துட்டாங்கலா!"

முதல் சுற்றில் அவள் சொன்னதுதான் பலித்தது. ஊதல் கேட்டதும் பதற்றத்தில் ஆளாளுக்கு இழுத்து, கோடு தாண்டிப் போய் விழுந்தார்கள். சுகுமாரன் ஒலிவாங்கியில் கொட்டாவியே விட்டார்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த ஷாமினிக்கு அழுகை வந்தது. கலாதேவி அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "இங்க பாரு, என் கை நடுங்கல. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு!"

"இழுக்காதீங்க. நாற்காலில உக்காருற மாதிரி இறங்கி நில்லுங்க. மூச்சு விடுங்க. நான் சொல்றப்ப மட்டும் இழுங்க."

இரண்டாம் சுற்றில் கயிறு அசையவே இல்லை. மேல் லயம் இழுத்தது, முறுக்கியது, கத்தியது. கீழ் லயம் உட்காராமல் உட்கார்ந்திருந்தது. எதிரில் சாந்தினியின் முகம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஷாமினி கத்தினாள். "இழு!" ஒரு அடி வந்தது. "பிடி!" நின்றது. "இழு!" பாயசம் குடித்த வயிறுகள் கோட்டைத் தாண்டி வந்து சரிந்தன.

திடல் முழுக்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. லக்கி டிரா சீட்டு வாங்க நின்ற வரிசை கலைந்து ஓடிவந்தது. மூன்றாவது சுற்று முடிகிற வழியாக இல்லை. தொடை எரிந்தது, உள்ளங்கை எரிந்தது. இனி முடியாது என்று ஷாமினி நினைத்த நேரத்தில் முன்னால் நின்ற கலாதேவி, "அரிசிப் பைய நெனச்சிக்கடி!" என்று அலறினாள். எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு அடி, இன்னொரு அடி, அப்புறம் வானமும் செம்பனை ஓலையும்தான் தெரிந்தன. எல்லாரும் மல்லாந்து கிடந்தார்கள், மேல் லயம் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து கிடந்தது!

சுகுமாரனுக்குக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. ஒலிவாங்கியில் காற்றுத்தான் வந்தது. லக்கி டிராவை மறந்து, "அடுத்த வருசம்... அடுத்த வருசம்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாந்தினி தவழ்ந்து வந்து ஷாமினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடுத்த வருசம் விடமாட்டோம். அந்தப் பயிற்சிய எங்களுக்கும் அனுப்பு."

"கொடுத்திராதடி!" என்று தரையில் கிடந்தபடியே கலாதேவி உறுமினாள்.

ஷாமினிக்கு, யாரோ நீட்டிய வாழைப்பழத்தை உரிக்கக்கூட விரல் மடங்கவில்லை. "அனுப்புறேன்க்கா" என்றாள். "ஆனா அந்தப் பயிற்சியில விரதத்த எந்த இடத்துல போடுறதுன்னு முதல்ல நான் கத்துக்கணும்."