பொதுமக்கள் குடங்களுடன்

முத்தரசு கொல்லைப்புறத்தில் நின்று, தலையை அண்ணாந்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். குரலுக்காகத் தினமும் செய்வது. கொப்பளித்தபடியே அடுப்படியைப் பார்த்து என்னவோ சொன்னார்.

"துப்பிட்டுச் சொல்லுங்க," என்றாள் ஈஸ்வரி.

துப்பினார். "ஒண்ணுமில்ல, அப்பறம் சொல்றேன்," என்று துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் காபியை ஆற்றிக்கொண்டு வந்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் ஓடி வந்தார். பார்த்தார். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

கோட்டையூரில் முத்தரசுவின் முகத்தைத் தெரியாதவர்கள் உண்டு. குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. பண்டகசாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஊர்நலத் தொண்டர் மன்றத்தில் சேர்ந்து, மன்றத்து ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தவர். குடிநீர் வராது, சொட்டு மருந்து முகாம், நாய்களுக்குத் தடுப்பூசி, காணாமல் போன ஆடு, யார் வீட்டிலாவது சாவு, எதுவானாலும் அவர்தான். காசு வாங்க மாட்டார். வாசகங்களை எழுதிக் கொடுப்பது ஈஸ்வரி. நூலகத்தில் இருந்தவள், ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்து எழுதுவாள். அவரோ அவள் போட்ட கமாவையெல்லாம் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வாசிப்பார்.

சில வருடங்களுக்கு முன்பு எவனோ ஒரு வேலையற்றவன் கொத்தமங்கலத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் சேவுகப்பெருமாளுக்குப் போன் போட்டு, "உங்க தம்பி தவறிட்டாரு" என்று சொல்லிவிட்டான். அவர் வேன் பிடித்து, பங்காளிகளை ஏற்றி, ரோஜா மாலையும் கொட்டுக்காரர்களுமாக வந்து இறங்கினார். கதவைத் திறந்தது முத்தரசு. பாதி முகத்தில் சோப்பு நுரை, கையில் ரேசர். சேவுகப்பெருமாள் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "வாங்குனது வாங்கியாச்சு," என்று மாலையைத் தம்பி கழுத்திலேயே போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எல்லா அறிவிப்பின் முடிவிலும் முத்தரசு ஒரு வரி சேர்த்தார்: "என் குரலில் வராத எந்தச் செய்தியையும் நம்ப வேண்டாம். அறிவிப்பது உங்கள் முத்தரசு." கொரோனா காலத்தில் ஊரெல்லாம் வதந்தி பறந்தபோது கோட்டையூர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறியது. ஊர் அவர் பேச்சை அவ்வளவு கேட்டது. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

ஆட்டோ ஓட்டும் மாயக்கண்ணன் முதல் சுற்று போய்விட்டு, மைக்கோடு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தான். சட்டைப் பித்தான் இரண்டு அறுந்திருந்தது.

"யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க மதினி. டீக்கடைக்கிட்ட மறிச்சு, வண்டிச் சாவியவே புடுங்கப் பாத்தாங்க. 'முத்தரசு அண்ணன் சோறு போட்டு வளத்த பய, அவரு சாவுக்கே மைக் போடுறியா?'ன்னு அடிக்க வாராங்க."

ஈஸ்வரியின் போன் ஒலித்தது. மருந்துக்கடை அனுசுயா.

"அக்கா, பதறாம கேளுங்க. எவனோ அண்ணன் செத்துட்டாருன்னு மைக்குல சொல்லிக்கிட்டுப் போறான். அண்ணன்கிட்ட சொல்லிக் கண்டிக்கச் சொல்லுங்க."

"அண்ணன் இறந்துட்டாரு, அனுசுயா."

"அய்யோ, உங்களையும் நம்ப வச்சுட்டாங்களா!"

இப்படியே பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஆறுதல் சொல்லும் வேலையே ஈஸ்வரிக்குச் சரியாக இருந்தது. இறந்தவரைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு, அவர் இறந்துவிட்டார் என்று அவளே வாதாட வேண்டியிருந்தது. சேவுகப்பெருமாளுக்குப் போன் செய்தாள்.

"ஆத்தா ஈஸ்வரி," என்றார் அவர் நிதானமாக. "ஒருக்கா வேன் வாடகை குடுத்து ஏமாந்தவன் நான். நீ பேசுறியா, ஒன் குரல்ல எவளாச்சும் பேசுறாளான்னு நான் எப்படிக் கண்டேன்? தம்பி என்ன சொல்லியிருக்கான்? அவன் குரல்ல வரட்டும். வந்தா, அடுத்த நிமிசம் கெளம்புறேன்."

போனை வைத்துவிட்டு ஈஸ்வரி கூடத்தைப் பார்த்தாள். டாக்டர், மாயக்கண்ணன், பக்கத்து வீட்டு துர்காதேவி, மன்றத் தலைவர் பாண்டீஸ்வரன். அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லாத வீடு. ஊரில் சாவு, கேதம் என்று ஒன்றுவிடாமல் போய் நின்றவர் முத்தரசு. யார் வீட்டு நீர்மாலை என்றாலும், பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போகும் அந்த ஊர்வலத்தில், கடைசி ஆளாகவாவது ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அவருக்கு நீர்மாலை எடுக்க ஒரு பங்காளியும் வரவில்லையென்றால்? குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, இந்த நாலு பேரும் குளிப்பாட்டி அனுப்புவதா? அழுகைகூட அவளுக்கு அப்புறம்தான் வரும் போலிருந்தது. முதலில் ஆள் வர வேண்டும்.

"அவர் குரல்லயே சொல்லிருவோம்," என்றாள்.

பாண்டீஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, இப்ப கம்ப்யூட்டர்ல யாரு குரலையும் பேச வைக்கிறாங்களாம். என் மருமகன் பெங்களூர்லதான் இருக்கான். ஒரு போன் போட்டா..."

"வேணாம்ண்ணே. அவரு சொல்லாதத அவரு வாயில வைக்க வேணாம். சொன்னது வீட்டுல கெடக்குல்ல, அத எடுப்போம்."

முழங்கால் வலி வந்த பிறகு முத்தரசு ஆட்டோவில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டு, வீட்டிலேயே பேசிப் பதிந்து பென் டிரைவில் கொடுத்துவிடுவார். மாயக்கண்ணன் போட்டுக்கொண்டு சுற்றுவான். துர்காதேவி கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். ஓடிப்போய் லேப்டாப்பைத் தூக்கி வந்தாள். முத்தரசுவின் கால்மாட்டில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. சாவு அறிவிப்பு ஒன்றுகூடப் பதிவில் இல்லை. அதை மட்டும் அவர் பதிந்து கொடுக்க மாட்டார். முழங்கால் எப்படி வலித்தாலும் நேரில் போய், இறந்தவர் வீட்டு வாசலிலிருந்துதான் பேசத் தொடங்குவார். ஆகவே பென் டிரைவில் 'காலமானார்' இல்லை. 'இயற்கை எய்தினார்' இல்லை. 'இறுதி' என்ற சொல் ஒரே இடத்தில் வந்தது. அது கபடிப் போட்டி.

"தண்ணி அறிவிப்பப் போடு," என்றாள் ஈஸ்வரி. எந்தச் சொல் எங்கே கிடக்கிறது என்பது எழுதிய அவளுக்குத்தானே தெரியும்.

கூடத்தில் முத்தரசுவின் குரல் கணீரென்று எழுந்தது. டாக்டர் தன்னையறியாமல் காலியாகக் கிடந்த அவருடைய நாற்காலியைப் பார்த்துவிட்டார். ஈஸ்வரி லேப்டாப்பை மட்டும் பார்த்தாள்.

"'நிறுத்தப்பட்டுள்ளது' வருதுல்ல, அத வெட்டி எடு. அதுக்கு முன்னால 'இன்று காலை முதல்'."

"பேரு வேணுமேக்கா?"

"'அறிவிப்பது உங்கள் முத்தரசு.' அதுல 'அறிவிப்பது' வேணாம்."

"என் பேரு நெறையக் கெடக்குமே," என்றார் பாண்டீஸ்வரன் தயங்கித் தயங்கி. "'மன்றத் தலைவர் பாண்டீஸ்வரன் தலைமையில்'னு. இடமிருந்தா சேத்துக்கங்க."

"எதுக்குண்ணே தலைமை? சாவுக்கா?" என்றான் மாயக்கண்ணன்.

"சும்மா, இடமிருந்தான்னுதானேடா சொன்னேன்."

நேரம் நாய்த் தடுப்பூசியிலிருந்து கிடைத்தது: மாலை நான்கு மணி. ஆக, அவரை எடுப்பது நான்கு மணிக்குத்தான் என்று ஆயிற்று. வேறு மணி அவர் வாயில் இல்லை. இடம், காணாமல் போன ஒரு வாட்ச்சின் அறிவிப்பிலிருந்து: 'என் வீட்டில்.' கடைசியாக, யாரை அழைப்பது என்பதில் வந்து நின்றார்கள். முத்தரசு எதையும் தனியாகச் சொன்னதில்லை. நாய் அறிவிப்பில் 'பொதுமக்கள் தங்கள் வளர்ப்பு நாய்களுடன்.' சொட்டு மருந்தில் 'பொதுமக்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடன்.' தண்ணீர் லாரிக்கு 'பொதுமக்கள் குடங்களுடன் வரிசையில் நின்று பயன்பெறுமாறு.' எல்லாம் ஒரே மூச்சு. எங்கே வெட்டினாலும் சொல் முறிந்து, யாரோ கழுத்தை நெரிப்பது போலக் கேட்டது.

"கமா போட்டுத்தான் குடுத்தேன்," என்றாள் ஈஸ்வரி, படுத்திருந்தவரைப் பார்த்து. "கேட்டாத்தானே!"

அன்று முதன்முதலாக அவள் குரல் உடைந்தது. துர்காதேவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எத வைக்கிறதுக்கா?"

"நாய்க்குக் குடம் தேவலாம் மதினி," என்றான் மாயக்கண்ணன்.

வண்டி கிளம்பியது. கோட்டையூர்த் தெருக்களில் முத்தரசு தன் சாவைத் தானே அறிவித்துக்கொண்டு போனார்:

"அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. உங்கள் முத்தரசு... இன்று காலை முதல்... மறு அறிவிப்பு வரும் வரை... நிறுத்தப்பட்டுள்ளது. எனவே... இன்று மாலை நான்கு மணிக்கு... என் வீட்டில்... பொதுமக்கள் குடங்களுடன் வரிசையில் நின்று பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. "அவரு குரல்லயே வந்துருச்சு, அப்ப உசுரோடதான் இருக்காரு," என்றது ஒரு பக்கம். "அவரு குரல்லயே வந்துருச்சு, அப்ப செத்தது நெசந்தான்," என்றது மறுபக்கம்.

"செத்தவரு எப்படிய்யா பேசுவாரு?"

"முன்னாடியே பேசி வச்சிருப்பாரு. பொறுப்பான மனுசன்ல?"

"சரி, கொடம் எதுக்கு?"

முத்தரசு சொன்னால் காரணமில்லாமல் இருக்காது என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மூன்றரைக்கே வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் குடம், சில்வர் குடம், தண்ணீர்க் கேன். கருப்பி என்ற பெண் இடுப்பில் ஒரு குடமும் இன்னொரு இடுப்பில் பேத்தியுமாக நின்றாள். சின்னச்சாமி மட்டும் குடத்தோடு நாயையும் பிடித்து வந்திருந்தார். "இந்தக் கொரல் கேட்டாலே கயித்தக் கவ்விக்கிட்டு வந்து நிக்குது, நான் என்ன பண்ண?" என்றார். யாரும் முண்டவில்லை. வரிசையில் என்று சொன்னால் வரிசைதான். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், முத்தரசுவைப் பார்த்தார்கள், குடத்தை நழுவவிட்டார்கள். கூடத்தில் குடம் உருளும் சத்தமும் ஒப்பாரியும் மாறி மாறிக் கேட்டன. கருப்பியின் பேத்தி மட்டும் அவர் முகத்தருகே வந்ததும், கண்ணை இறுக மூடிக்கொண்டு சொட்டு மருந்துக்கு வாயைத் திறந்தது.

மருந்துக்கடை அனுசுயா ஈஸ்வரியின் காலடியில் உட்கார்ந்து, "நீங்க சொன்னப்ப நம்பலயேக்கா!" என்று கதறினாள்.

"பரவால்ல, அவரு சொன்னப்ப வந்தியே," என்றாள் ஈஸ்வரி.

கொத்தமங்கலம் வரை போய்விட்டுத் திரும்பிய ஆட்டோவின் பின்னாலேயே ஒரு வேன் வந்து நின்றது. சேவுகப்பெருமாள் இறங்கினார். இந்த முறை மாலை இல்லை, கொட்டு இல்லை. நெஞ்சோடு ஒரு பித்தளைக் குடம்.

"தம்பி கொடத்தோட வரச் சொன்னான் ஆத்தா," என்றார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, தெரு நீளத்துக்கும் நின்ற குடங்களைப் பார்த்தார். "நீர்மாலைக்குத்தான் சொல்லியிருக்கான். இது புரியலையா ஒங்களுக்கு?"

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. முத்தரசு காரணமில்லாமல் சொல்லமாட்டார் என்று டீக்கடையின் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டது. ஈஸ்வரி வாயைத் திறந்தாள், துர்காதேவி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், மூடிக்கொண்டாள்.

வழக்கமாகப் பங்காளிகளும் வேண்டியவர்களுமாக நாலைந்து குடம்தான் எடுப்பார்கள். அன்று முன்னால் சேவுகப்பெருமாள், அவர் தலைக்கு மேல் பிடித்த வெள்ளை வேட்டி நாலு பேருக்குத்தான் எட்டியது. பின்னால் வேட்டி இல்லாமலே ஊர் வந்தது. ஊருணியிலும் தெருக் குழாய்களிலும் நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். ஒரு மனிதனைக் குளிப்பாட்ட எவ்வளவு தண்ணீர்தான் வேண்டும்? யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. "என் கொடத்தையும் ஊத்துங்க, நானும் வரிசையில நின்னுருக்கேன்ல?" என்றார்கள். முத்தரசுவின் மேல் ஊற்ற ஊற்ற வாசலில் வெள்ளம் ஓடியது. பந்தல் நாற்காலிகள் மெல்ல நகர்ந்தன. பாண்டீஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்று, ஒரு வழியாகத் தலைமை வகித்தார்.

கூட்டத்துக்கு நடுவில் ஈஸ்வரி முக்காடும் மூஞ்சியும் நனைய நின்றாள். கண்ணீர் எது, குடத்துத் தண்ணீர் எது என்று யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது.

பொழுது இறங்கித்தான் எடுத்தார்கள். நான்கு மணி என்ற அந்த ஒன்றில் மட்டும் அவர் சொன்னது தப்பியது.

மறுநாள் காலையில் ஈஸ்வரி வாசலைப் பெருக்க வந்தபோது, படிக்கட்டில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் இருந்தது. கழுத்தில் யாரோ சிவப்புச் சாயத்தில் 'க' என்று எழுதியிருந்தார்கள். கருப்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள், அவளுடையது இல்லை. இப்படிப்பட்ட காரியத்துக்குத்தான் ஊரில் ஒருவர் இருந்தார். மாயக்கண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அறிவித்துவிட்டு வந்தான்.

"கேட்டாங்களாடா?" என்றாள் ஈஸ்வரி.

"கேட்டாங்க மதினி. யாரு குரல் இதுன்னு கேட்டாங்க."

காரியம் முடிந்து, ஆண்டுத் திதியும் முடிந்துவிட்டது. மாயக்கண்ணன் மாதம் ஒரு முறை அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறான். குடம் படிக்கட்டில்தான் இருக்கிறது.