ஈரக் கைக்கு ஏற்ற புத்தகம்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குக் காலை ஏழு மணிக்கு முதல் வண்டி வரும். அறுவைப் பிரிவின் பச்சைத் துணிகளைத் தனியாகவும், படுக்கை விரிப்புகளைத் தனியாகவும் பிரித்து, துவைக்கும் டிரம்மில் போட்டுக் கதவைச் சாத்தினால் ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். இடையில் இரண்டு முறை சோப்புத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மற்றபடி டிரம் சுற்றும், ஆள் சும்மா நிற்க வேண்டியதுதான்.

டிரம் அறையில் இருந்தவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. இருபத்தோரு வருடமாக அந்த நாற்பது நிமிடங்களில் அவள் நாவல் படித்து வந்தாள். நூலகப் புத்தகத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்துப் பக்கம் புரட்டுவாள். படித்ததை மதியம் மடிப்பு மேசையில் சொல்வாள். இரண்டு பேர் விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்கும் அந்த வேலை அவள் கதையின் வேகத்தில்தான் நடக்கும். அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் கதையக்கா. அவளுடைய நிஜப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

இஸ்திரிப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. சிட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் அவள் இடுப்புப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒன்றை எடுத்தாள். மின்னூல் படிக்கும் கருவி. ஓரத்தில் இருந்த பொத்தானை அமுக்கினால் பக்கம் மாறியது.

"இதுல எத்தனை புத்தகம் இருக்கும்?" என்று கேட்டார் தையல் மாமா. கிழிந்த விரிப்புகளை மூலையில் உட்கார்ந்து தைப்பவர் அவர். கூடத்தில் யாரையும் கிண்டல் செய்யும் உரிமை அவருக்கு உண்டு.

"நூலகத்து அலமாரி ரெண்டு உள்ள போயிடும் மாமா."

"அடேயப்பா! கதையக்கா, உன் அலமாரியைப் பொண்ணு இடுப்புல சொருகிக்கிட்டா பாத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கதையக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் அந்தக் கறுப்புக் கருவியை விட்டு நகரவில்லை.

அடுத்த வாரம் அவள் சொல்லிக்கொண்டிருந்த நாவலின் இரண்டாம் பாகத்தை நூலகத்தில் வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். "மீதியை அடுத்த மாசம் சொல்றேன்" என்றாள். சிட்டுவோ அன்று மாலையே அதைத் தன் கருவியில் இறக்கிக்கொண்டாள். மறுநாள் மடிப்பு மேசையில் அவள் கதை சொல்ல, இருபத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் கதையக்கா வாயை மூடிக்கொண்டு விரிப்பு மடித்தாள்.

"நல்லாத்தான் சொல்றா" என்றாள் எதிர்முனையைப் பிடித்திருந்தவள்.

"ம்... எழுதி வச்சதைத்தானே ஒப்பிக்கிறா" என்றாள் கதையக்கா. அன்று அவள் மடித்த விரிப்புகளில் நான்கின் ஓரம் சேரவில்லை.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. நமக்கு என்ன தேவை என்று அது கேட்காது. அடுத்தவரிடம் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கும். மறுநாளே கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கதையக்கா கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் பொறுமையாக விசாரித்தாள்.

"எங்க உக்காந்து படிப்பீங்கம்மா? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? சின்னதா, கறுப்பா ஒண்ணு இருக்குல்ல? ஓரத்துல பொத்தான் வச்சது?"

"இருக்கு. அதை எடுக்கவா?"

"அதைவிடப் பெருசு எதுன்னு காட்டு."

கடையிலேயே பெரிதான கருவியோடு வீட்டுக்கு வந்தாள். வண்ணத் திரை, எழுத ஒரு பேனா, மினுமினுக்கும் உறை. அவள் கணவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "காய் நறுக்கற பலகையாவும் ஆகும்போல" என்றார். மறுநாள் சிட்டுவின் முகம் எப்படிப் போகும் என்பதிலேயே அவள் நினைப்பு இருந்தது.

சிட்டுவின் முகம் எப்படியும் போகவில்லை. "அழகா இருக்குக்கா. என்ன படிக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். இது கதையக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கஷ்டம் டிரம் அறையில் ஆரம்பித்தது. குழல்விளக்கு திரையில் கோடாக விழுந்து பாதிப் பக்கத்தை மறைத்தது. ஒரு கையால் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலித்தது. நீராவி வந்து மூடியது. ஈர விரலால் தொட்டால் அசையாமல் நின்றது. சரி என்று விட்டுவிட்டு சோப்புத் தண்ணீர் திறக்கப் போனால், குழாயிலிருந்து தெறித்த ஒரு சொட்டு திரையில் விழுந்து இருபது, முப்பது பக்கம் தள்ளிப் போயிருக்கும். தேடிப் பிடிப்பதற்குள் டிரம் நின்றுவிடும். எட்டு நாளில் அவள் ஓர் அத்தியாயம்கூட ஒழுங்காக முடிக்கவில்லை. பழைய பிளாஸ்டிக் உறைப் புத்தகத்தை எடுக்கலாம் என்றால் மானம் போய்விடும்.

ஒன்பதாம் நாள் மேசையில் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கலங்கரை விளக்கக் காவல்காரரின் மூன்று மகள்களைப் பற்றிய நாவலை அவள் தொடங்கியிருந்தாள். முந்தின நாள் கதையில் நடுமகள், எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவிடம் அழுதுகொண்டிருந்தாள்.

கதையக்கா காலையில் திரை காட்டிய பக்கத்தை நினைவுபடுத்திக்கொண்டு ஆரம்பித்தாள். "நடுமகளோட குழந்தை தொட்டில்ல வீல்னு அழுவுது. இவ அடுப்படியிலேர்ந்து ஓடி வர்றா..."

உதறிய விரிப்பு அந்தரத்தில் நின்றது.

"இரு இரு" என்றார் தையல் மாமா. "நேத்து மாப்பிள்ளையே வேணாம்னு அழுதா. இன்னைக்குக் குழந்தை அழுவுதா? ராத்திரியோட ராத்திரியா எல்லாம் முடிஞ்சிருச்சா?"

மேசையே குலுங்கிச் சிரித்தது. கதையக்காவின் காது சிவந்தது. யாரோ, "சிட்டு, நீதான் இதைப் படிச்சிருக்கியே, என்ன ஆச்சுன்னு சொல்லேன்" என்றார்கள்.

போச்சு, என்று நினைத்தாள் கதையக்கா. இருபத்தோரு வருடப் பெயர் இந்தச் சிறுக்கியின் ஒரு வார்த்தையில் போகப் போகிறது.

சிட்டு விரிப்பின் முனையை விடாமல் சொன்னாள். "அக்கா சொல்றது சரிதான் மாமா. அந்தக் கதை அப்படித்தான். முதல்ல குழந்தையைக் காட்டிட்டு, கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு அப்புறமா வரும். அவசரப்படாதீங்க."

காட்டிக்கொடுத்திருந்தால்கூட கதையக்கா தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. மேசை வேலை முடிந்ததும் சிட்டுவை டிரம் அறைக்குள் கூப்பிட்டாள்.

"கதையில அப்படி இருக்கா?"

"இல்லக்கா. நடுவுல முப்பது பக்கம் இருக்கு."

"அப்புறம் எதுக்குடி எனக்காகப் பொய் சொன்னே?"

"நீங்க கதையை நிறுத்திட்டா நான் யார்கிட்ட கேக்கறது? நான் படிச்சதைச் சொல்றேன், அவ்வளவுதான். நீங்க சொன்னா கதையில வர்ற ஆளுங்க இங்க வந்து நிக்கறாங்க."

கதையக்கா பெரிய கருவியைத் துணி மூட்டையின் மேல் வைத்தாள். "உன்மேல எனக்கு வயிறு எரிஞ்சுது, சிட்டு. அதான் இதை வாங்கினேன். இதுல படிக்கவே முடியல. உன்னுது மட்டும் எப்படி சொன்ன பேச்சு கேக்குது?"

சிட்டு தன் கைகளை நீட்டினாள். தடித்த இஸ்திரிக் கையுறைகள் முழங்கை வரை இருந்தன. "இதோட தொட்டா எந்தத் திரையும் அசையாதுக்கா. அதனால கையுறையைப் போட்டுக்கிட்டே கடைக்குப் போனேன். ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். கடையில சிரிச்சாங்க. எது என் கைக்கு மசிஞ்சுதோ அதை எடுத்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நான் என் கையைப் பாத்து வாங்கினேன். நீங்களும் என் கையைத்தான் பாத்திருக்கீங்க."

டிரம் நின்றது. கதையக்கா கதவைத் திறந்து ஈரத் துணிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தன் கையைப் பார்த்தாள்.

பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதில் போட்டிருந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் அவள் அதே கடைக்குப் போனாள். அதே பெண்தான் இருந்தாள்.

"அன்னைக்கு ஏதோ கேட்டியேம்மா, அதை மறுபடி கேளு."

பெண் விழித்தாள். "எங்க படிப்பீங்க... எவ்வளவு நேரம்..."

"நின்னுக்கிட்டே. ஒரு கையால. நாப்பது நிமிஷம், நடுவுல ரெண்டு தடவை வச்சிட்டுப் போவேன். சுத்தி ஆவி அடிக்கும். இப்ப ஒரு டம்ளர் தண்ணி குடு."

தண்ணீர் வந்தது. குடிக்காமல், கதையக்கா அதில் பத்து விரல்களையும் நனைத்தாள்.

"பொருளை வாங்கறதுக்கு முன்னாடி நம்ம வேலையைப் பாக்கணும், நம்ம பழக்கத்தைப் பாக்கணும். அடுத்தவங்க கையைப் பாத்து வாங்கினா, அது அவங்க பொருளாவே இருக்கும். நமக்குன்னு ஆகாது. இது எனக்கு இந்த வயசுலதான் தெரிஞ்சுது" என்று சொல்லி, சொட்டச் சொட்டக் கையை நீட்டினாள்.

"ஒவ்வொண்ணா எடு. இந்தக் கைக்கு எது பக்கம் திருப்புதோ, அதைப் போட்டுக் குடு."