மெழுகுப் பீப்பாய்

நியூட்ரான்களை எண்ணும் கவுண்டர் கருவி கல்லூரிக்கு வந்த அன்று காலையிலிருந்தே ராஜையனுக்கு வேலை ஓடவில்லை. வெள்ளை உருளை, மேலே ஒரு கைப்பிடி, ஒரு வயதுக் குழந்தையின் கனம். மாடிவரை அவர்தான் அதை இடுப்பில் தாங்கித் தூக்கிவந்தார். போக்ரானில் குண்டு வெடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அணுவைப் பற்றியே பேச்சு. காப்பியையும் கிரிக்கெட்டையும் தவிர வேறெதிலும் அக்கறை காட்டாத துறைத்தலைவருக்கே, நம் பீப்பாயையும் ஒருதடவை அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

பீப்பாய் இயற்பியல் ஆய்வகத்தின் மூலையில் இருந்தது. உள்ளே முழுக்க மெழுகு, அதன் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு உலோகக் குப்பி. குப்பியிலிருந்து காமா, நியூட்ரான் என்று இரண்டு வகைக் கதிர்கள் கிளம்பும். காமாவை ஈயக்கட்டி தடுத்துவிடும். நியூட்ரான் ஈயத்தை மதிக்காது. மெழுகுக்குள் போனால்தான் சேற்றில் நடப்பவனைப் போல ஓய்ந்து நின்றுபோகும். பதினெட்டு வருடம் அங்கே அட்டெண்டராக இருந்ததில் இதெல்லாம் ராஜையனுக்கு அத்துப்படி. அவருடைய நாற்காலி பீப்பாயிலிருந்து நாலடி தள்ளி. வகுப்பில்லாத பிற்பகல்களில், ஜன்னல் வழியே மழைவெளிச்சம் வந்து விழ, மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடிக்கொள்வார். மெழுகைத் தாண்டிவந்த ஒன்றிரண்டு நியூட்ரான்கள் தம் உடம்பு வழியாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வார். வலியில்லை, சத்தமில்லை. உடம்பு மெல்ல மெல்ல லேசாகி மிதப்பதுபோல இருக்கும். உள்ளதைச் சொன்னால், அது அவருக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காமல் என்ன? அந்தப் பீப்பாய் அவர் மானத்தையல்லவா காப்பாற்றிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ஐந்தாம் வருடமும் குழந்தை இல்லையென்று மனைவி ராஜபாய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு ஒரு குறையுமில்லை, அடுத்ததடவை கணவரையும் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். அன்று வீடு திரும்பும் வழியில்தான் ராஜையன் முதன்முதலாகப் பீப்பாயைப் பற்றி வாய் திறந்தார். "தெனமும் எனக்க ஒடம்புல கதிரு கேறிட்டிருக்கு. பின்ன எப்பிடி?" அதோடு ஆஸ்பத்திரிப் பேச்சு நின்றது. சர்ச்சில் யாராவது துருவித் துருவிக் கேட்டால் ராஜபாயே, "அவருக்க வேல அப்பிடி" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். சட்டைப் பையில் குத்தியிருக்கும், கதிரை அளக்கும் பேட்ஜைப் பரிசோதித்து மூன்று மாதத்துக்கொருமுறை ஒன்றுமில்லை என்று கடிதம் வரும். அது காமாவை மட்டும்தான் பார்க்கும், நியூட்ரானைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது என்பார் ராஜையன். அவ்வளவு கெட்டிக்காரர்.

இப்போது கண்ணுள்ள ஒன்று வந்துவிட்டது.

இளம் விரிவுரையாளர் ஸ்ரீலட்சுமி கவுண்டரை முதலில் பீப்பாயின் மூடிமேல் வைத்தாள். எப்போதாவது ஒரு 'டிக்'. பிறகு, "ராஜையண்ணே, நிங்க இரிக்கிற எடம் இதானே?" என்று கேட்டு அவர் நாற்காலியிலேயே தூக்கி வைத்தாள். ராஜையன் அதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் போனது. ஏதாவது சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் அதனிடம் கெஞ்சினார்.

"வெளிய முற்றத்துல என்ன காட்டிச்சோ அதேதான் இங்கயும். நிம்மதியா இருங்க அண்ணே."

"நல்லா பாத்தியளா டீச்சர்? இன்னொருக்க வச்சுப் பாருங்க."

அவள் சிரித்துக்கொண்டே மூன்றுதடவை அளந்தாள். மூன்றுதடவையும் அதே கதைதான்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பத் தம்பானூரில் பஸ் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. இன்றைக்கு மெஷின் வருவதைக் காலையிலேயே ராஜபாயிடம் சொல்லியிருந்தார். அது நிறையக் காட்டியதாகச் சொல்லிவிடலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? பாலராமபுரத்தில் அப்படித்தான் முடிவு செய்தார். நெய்யாற்றின்கரையில் அது பாவம் என்று பட்டது. கொஞ்சம் காட்டியது என்றால் பொய்யும் பாதியாகுமே என்று அமரவிளைப் பாலத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டார். பாறசாலையில் இறங்கி நடக்கும்போது கையில் எந்தப் பொய்யும் மிச்சமில்லை.

ராஜபாய் புறவாசல் படியில் பலாப்பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டிருந்தாள். "மெஷினு என்ன காட்டிச்சு?" என்றாள்.

"ஒண்ணும் காட்டல்ல." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "அதுல இருந்து ஒண்ணும் வரல்ல. ஒருநாளும் வந்திருக்காது."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"நிங்க பீப்பாயப் பத்திச் சொன்னீங்கல்லா, அதுக்கு மறுவாரமே உங்க காலேஜுல இருந்த பழைய சாருக்க வீட்டுக்குப் போயிக் கேட்டேன். மெழுகு அத்தற கனத்துல இருக்கு, பேடிக்கண்டாம், ஒண்ணும் பயமில்லன்னு சொன்னாரு."

ராஜையன் அப்படியே படியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடம். சர்ச் வாசலில் அவள் எத்தனை பேருக்கு அந்தப் பதிலைச் சொன்னாள் என்று எண்ணப்போய், எண்ண முடியாமல் நிறுத்திக்கொண்டார்.

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

ராஜபாய் ஒரு சுளையைச் சடையிலிருந்து பிரித்தெடுத்துக் கொட்டையை நீக்கினாள்.

"சொல்லியிருந்தா நிங்க பின்ன எனக்க மொகத்தப் பாத்திருப்பியளா?"

ராஜையனுக்கு வெட்கம் கழுத்துவரை ஏறி நின்றது. அதையும் மீறி, இந்த ஒருத்தியை விட்டால் தனக்கு உலகத்தில் யாருமில்லை என்று தோன்றியது. முருங்கை மரத்திலிருந்து மழைநீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பழத்தின் மேல் கையை வைக்கப்போனார்.

"சும்மா தொடாதீங்க, பழத்துக்க அரக்கு பிசினுபோல ஒட்டும். கைய நீட்டுங்க."

நீட்டினார். அவள் தேங்காயெண்ணெய்ப் புட்டியைச் சாய்த்தாள். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் மெல்லப் பரவி நிறைந்தது. விரலிடுக்கில் வழிந்துவிடாமலிருக்க அவர் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.