மேல்குரல்

தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தங்கராஜ் உதட்டுக்குள் ஒரு சொல்லை வைத்தார். தகடு வை, கையை எடு, மிதி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்தக் கம்பெனிக் கொட்டகைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்தே அவருடைய பாட்டுகளெல்லாம் இந்தத் தாளத்தில்தான் பிறந்தன. காதில் மிஷின் துடைக்கிற பஞ்சைத் திணித்திருந்தார். அதையும் மீறி இடி மண்டைக்குள் இறங்கியது. சபையில் அறுப்பின் பண்டிகை அடுத்த வாரம். அதற்குக் கட்டிய பாட்டு முடிந்துவிட்டது, ஆனால் மூன்றாம் சரணம் அவரை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை.

அந்தச் சரணத்தில் அவர் நடத்தும் பாடகர் குழுவின் ஆண்கள் அடிக்குரலில் ரீங்கரிக்க, பியூலா ஒருத்தி மட்டும் உச்சிக்குப் போய், 'சொட்டு மழைக்கும் தோத்திரம்' என்று மெல்லப் பாட வேண்டும். கர்த்தருக்குத் தன் கையால் கொடுக்க அந்த ஒரு வரிதான் இருக்கிறது என்று தங்கராஜ் நம்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் மேனாம்பேட்டுச் சபையில் ஒத்திகை. மூன்றாம் சரணம் வந்ததும் கையை உதறி நிறுத்தினார்.

"இன்னாம்மா பியூலா, அந்த எடத்துல மட்டும் அமுக்கிடுற?"

"பாடினேன்ணா."

"வாயி அசையுது. சத்தத்தக் காணோமே!"

மறுபடி பாடினார்கள். மறுபடி நிறுத்தினார். அடுத்த முறை கோபம் தலைக்கேறி, "ஆண்டவருக்குப் பாட வந்து ஏமாத்தாத" என்று கத்திவிட்டார். பியூலாவின் கண் கலங்கியது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் பாடிக்கொண்டிருந்த அவர் மனைவி புஷ்பா இறங்கி வந்தாள்.

"ஏங்க, அவ பாடிகினுதான் கீறா. தெரு வரிக்கும் கேக்குது."

எல்லாரும் போன பிறகு தங்கராஜ் கீபோர்டின் முன் உட்கார்ந்து விரலை வலதுபக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். நடுக் கட்டைகள் பேசின. மேலே போகப் போகச் சுரம் இளைத்தது. கடைசிக் கட்டைகளில் விரல் படுகிற 'டொக் டொக்' மட்டும்தான்.

"உனுக்கு இது கேக்குதா?"

"ம்."

"இது?"

கேட்கிறது என்று புஷ்பா தலையை ஆட்டினாள். அவர் அந்தக் கடைசிக் கட்டையையே மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் கலியமூர்த்தியிடம் போய், காது டெஸ்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

"எழுதலாம் அண்ணாத்தே. கேக்கலன்னு ரிப்போர்ட் வந்தா, செவுட்டாளு மிஷின்ல நிக்கக் கூடாதும்பாங்கோ. நீ கான்ட்ராக்ட்ல கீற. மறுநாளே கேட்டுக்கு வெளிய. வோணுமா?"

தங்கராஜ் பிரஸ்ஸுக்குத் திரும்பினார். வாரம் முழுக்க, மிதிக்கிற காலும் முணுமுணுக்கிற வாயும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

பண்டிகையன்று பீடத்தின் முன்னால் பூசணியும் கரும்பும் குவிந்திருந்தன. ஆராதனைக்கு முன்பே பியூலாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். மூன்றாம் சரணத்தில் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு கையை உயர்த்தினார். கழுத்து நரம்பு எழும்பியது, வாய் திறந்தது. முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன; ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வரி நன்றாக வந்திருக்கிறது என்று அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். புஷ்பா லேசாகத் தலையசைத்ததும் கையை இறக்கினார். தான் கட்டிய பாட்டுக்குத் தானே வெளியாளாகிவிட்டார்.

மறுநாள் கம்பெனியைப் பார்வையிட வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். காலையிலேயே கலியமூர்த்தி ஆளுக்கொரு ஜோடி ஆரஞ்சு நிறக் காதடைப்பான் கொடுத்தார். மாட்டியதும் பிரஸ் எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல ஆகிவிட்டது. கோட்டுக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அந்த அமைதியில் பியூலாவின் வரி உச்சி வரைக்கும் முழுசாகத் தங்கராஜுக்குள் எழுந்தது. மிதிக்க மறந்து ஒரு கணம் நின்றார்.

கார் கேட்டைத் தாண்டியதும் கலியமூர்த்தி பிளாஸ்டிக் டப்பாவை நீட்டியபடி வரிசையாக வந்தார்.

"கயட்டிக் குடு அண்ணாத்தே. அடுத்த தபா வந்தா வோணும்."

தங்கராஜ் இரண்டையும் கழற்றி, சட்டையில் துடைத்து, டப்பாவில் போட்டார். பிறகு பைக்குள் கைவிட்டுப் பஞ்சைத் தேடினார்.